கனகலிங்கத்தின் நொண்டும் கால்

புதூர் நாகதம்பிரான் துணை

புளியங்குளம்,
13.7.1962

அன்பு மகன் யோகநாதனுக்கு ஐயா எழுதுவது. தம்பிரான் கிருபையால் இங்கே மூவரும் சுகம், கொழும்புச் சாப்பாட்டையும் மீறி நீ சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறோம். இதை நான் நின்றபடி எழுதுகிறேன், கதிரையில் இருக்க முடியவில்லை. காரணத்தை வேறு வாயால் நீ கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். நேற்றுப் பின்னேரம் விளையாட்டுத் திடலோரம் பற்றைக்குள் குந்தியிருந்தபோது முசுறு எறும்பு சாரத்துக்குள் ஏறிவிட்டது. வாய்க்கால் திறந்து ஊருக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை நான், சாரத்தை உதறிக்கொண்டு உதைபந்தடிக்கிற பொடியங்களுக்கு நடுவே ஓடினேன். பழக்குகிறவன் விசிலை ஊதி விளையாட்டை நிறுத்தி, தண்ணீர் வாளியோடு வந்து, மாமா நீங்கள் ஓவ்சைட்டிலை நிக்கிறியள் என்றான். நாங்கள் இன்னும் சம்மதமே சொல்லவில்லை, அதற்குள் மாமா என்கிறான், கவனி.

அவன்தான் நம் அருந்ததிக்குக் கலியாணம் பேசிவந்திருக்கும் கனகலிங்கம். அவனை வேவு பார்க்கத்தான் பற்றைக்குள் போனேன். கொழும்பில் ஒரு பெரிய கழகத்துக்கு ஒன்பது வருஷம் நடுவில் நின்று ஆடினானாம், சென்ரர் ஹாவ் என்பார்களாம். முழங்கால் போனதும் ஆட்டத்தை விட்டு, சங்கக்கடை மனேச்சராக இங்கே மாற்றம் கேட்டு வந்து, பின்னேரத்தில் நம்மூர்ப் பொடியங்களைப் பழக்குகிறான். புளியங்குளத்திலிருந்து மாற்றம் கேட்டவர்களை எனக்குத் தெரியும், புளியங்குளத்துக்குக் கேட்டவனை இப்போதுதான் காண்கிறேன். எத்தனை கோல் போட்டீர் என்று நேற்று அவனிடமே கேட்டேன், இரண்டு என்றான். ஒன்பது வருஷத்தில் இரண்டு. என் முகத்தைப் பார்த்துவிட்டு, மாமா, வாய்க்காலைத் திறக்கிறது நீங்கள், நெல்லு ஆரின்ரையோ வயலிலை விளையுது, நானும் பந்தை வாங்கிப் பங்கிட்டு விட்டனான் அவ்வளவுதான் என்றான். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. என் வாயை அடைக்க இதுவரை உன் அம்மா ஒருத்தியால்தான் முடிந்தது, ஆகவே சந்தேகம் இன்னும் கூடிற்று.

முக்கியமானது கால். திங்கட்கிழமை வாய்க்காலுக்கு இங்கால் ஒரு பற்றைக்குள்ளிருந்து பார்த்தேன், இடது காலை நொண்டினான். செவ்வாய்க்கிழமை வலது காலை நொண்டினான். இரண்டு நாளும் பந்தைத் தொடவேயில்லை. முழங்கால் போனது உண்மையென்றால் ஒரு பக்கமாகத்தானே போகும். கால் பொய்யென்றால் ஒன்பது வருஷமும் பொய், நாளைக்குக் குடும்பத்திலும் என்ன பொய் வருமோ. இதை உன் அம்மாவிடம் சொன்னேன். உங்களை எனக்குப் பேசேக்கை எங்கட ஐயாவும் ஒரு பற்றைக்குள்ளை இருந்திருந்தால் நான் தப்பியிருப்பன் என்கிறா. அருந்ததியோ, ஓமெண்டால் ஓமெண்டு சொல்லுங்கோ, இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ, பற்றைக்குள்ளை மட்டும் போகாதேங்கோ ஐயா என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனவள், சோறு போடவும் வரவில்லை. அவளுக்கு இருபத்தெட்டு நடக்கிறது. முன்பு வந்த இரண்டு இடமும் என் விசாரணையால்தான் தட்டிப்போனது என்று ஊரில் கதை. இது மூன்றாவது. அவளுக்கு விருப்பம் என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் பயமாயிருக்கிறது.

ஆகையால் நீ அந்தக் கழகத்துக்குப் போய், பழைய படத்தில் இவன் நிற்கிறானா, போனது எந்தக் கால் என்று விசாரித்து வருகிற வெள்ளிக்கு முன் தந்தி அடி. அன்றைக்கு அவர்கள் மறுமொழி கேட்டு வருவார்கள். உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால், கண்ணால் கண்ட சாட்சியை வைத்து வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். மழையில் நனையாதே, கந்தோரில் வேலை செய்கிற யாரோடும் வாய் கொடுக்காதே, அது நம் பரம்பரை வியாதி. தம்பிரான் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் ஐயா,
சி. ஏரம்பு

பி.கு. வைகாசியில் வந்தபோது என் மூக்குக்கண்ணாடியை உன் மேசையில் விட்டுவந்தேன், ரெயிலில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. அன்று தொட்டு, எழுத வாசிக்கக் கரைச்சல் இல்லை, வாய்க்காலுக்கு அங்கால் நிற்பது ஆளா மாடா என்பதுதான் தெரிகிறதில்லை.