மட்டம் பார்க்கிற கம்பு

இன்று காலை உன் மகள் வந்திருந்தாள். நீ போனபின் உன் வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறாளாம். கையில் உன் கம்பு. தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது செடிமேல் படுக்க வைத்து மட்டம் பார்ப்போமே, அதுதான். அடுப்பில் வைக்க மனம் வரவில்லை என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். என் கம்புக்குப் பக்கத்திலேயே கதவோரம் சாத்தி வைத்தேன். இரண்டும் ஒரே கற்பூர மரத்தில் நீ வெட்டியவை அல்லவா?

தேயிலை விலை விழுந்து கிடந்த அந்த வருடங்களில்தான் என் வலது முட்டியும் கெட்டது. சில்லுக்கு அடியிலிருக்கும் ஜவ்வு தேய்ந்துவிட்டது என்று குன்னூர் டாக்டர் சொன்னார். வலியை நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் சரிவில் இறங்கினால் மண் எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியவில்லை. வலிக்குப் பயந்து தொடைச் சதை ஒழுங்காக வேலை செய்வதில்லை, அதனால்தான் இந்தத் தடுமாற்றம் என்று அவர் விளக்கினார். எதற்கும் ஒரு கம்பை ஊன்றிக்கொள்ளுங்கள் என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

பக்கத்து எஸ்டேட்டை மூடியிருந்தார்கள். நம் எஸ்டேட்டிலும் ஆள் குறைப்பார்கள் என்று பேச்சு. ஊன்றுகோலோடு வேலைக்கு வருகிறவளைத்தான் முதலில் நிறுத்துவார்கள். என் வீட்டுக்காரர் நெஞ்சுச் சளியோடு படுத்த படுக்கை. எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு என் ஒருத்தி வேலையை நம்பி நின்றது. வேலை போனால் வீடும் போகும். உன்னிடம்தான் சொல்லி அழுதேன்.

நீ அழவிடவில்லை. மட்டம் பார்க்கிற கம்பை யார் கேள்வி கேட்கப்போகிறார்கள் என்று, வழக்கத்தைவிட நீளமாக ஒன்று வெட்டித் தந்தாய். உனக்கும் அதே நீளத்தில் வெட்டிக்கொண்டாய். உனக்கெதற்கு என்றேன்.

"ஒருத்தி மட்டும் வெச்சிருந்தா கேப்பாங்க புள்ள. ரெண்டு பேரு வெச்சிருந்தா அதுதான் பழக்கம்னு உட்ருவாங்க" என்றாய். உன் மூளையே மூளை என்று மெச்சிக்கொண்டேன்.

முதல் நாளே தடுமாறிச் செடிக்குள் உட்கார்ந்துவிட்டேன். நொந்த கால் பக்கமே கம்பைப் பிடித்திருந்தேன், எல்லாரும் அப்படித்தானே பிடிப்பார்கள். நீ சிரித்து முடித்துவிட்டுத்தான் தூக்கிவிட்டாய். கம்பை இடது கைக்கு மாற்றச் சொன்னாய். அதோடு எந்தக் காலை முதலில் வைப்பது என்று ஒரு பாடமும் சொன்னாய்: "ஏறையில நல்ல காலு, எறங்கையில நொந்த காலு." இதெல்லாம் இவளுக்கு எங்கிருந்து தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை பார்.

டாக்டர் சொன்ன பயிற்சி, ஒற்றைக்காலில் நிற்பது. எடை போட வரிசையில் நிற்கும்போது செய்தோம். மற்றப் பெண்கள் நம்மைக் கொக்கு என்றார்கள். எண்ணுவது நீ, முதலில் காலை ஊன்றிவிடுவதும் நீ. உனக்குப் பொறுமையே கிடையாது என்று கேலி செய்வேன். ஆமாம் என்று நீயும் சிரிப்பாய்.

பிறகு அந்த நாள் வந்தது. புது ஆபீசர் சரிவின் கீழே நின்று, மூட்டையோடு இறங்குகிற ஒவ்வொருத்தியையும் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் பெய்த மழையில் பாதை வழுக்கியது. நீ முன்னால் போய் நின்று, என் வலது கையை எடுத்து உன் தோளில் வைத்துக்கொண்டாய்.

"கைய எடுத்துறாத புள்ள. பேசிக்கிட்டே வா."

ராத்திரிக்கு என்ன குழம்பு என்று பேசிக்கொண்டே இறங்கினோம். அந்த மனிதர் கண்ணுக்கு இரண்டு வாயாடிகள், அவ்வளவுதான். அந்த முறை நின்றுபோன பெயர்களில் நம் பெயர் இல்லை. என் வீட்டுக்காரர் அந்த லயத்து வீட்டிலேயே எழுந்து நடமாடினார். அதற்கு நீதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

இதுவரை எழுதிவிட்டு உன் கம்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் என் கம்பைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கிறது. செடிமேல் படுக்கிற கம்புக்கு அடி எப்படித் தேயும்? உன் மகளுக்குப் போன் போட்டேன்.

"அம்மாவுக்கு முட்டி ரொம்ப வருசமாவே ஆகாதுங்களே பெரிம்மா. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

முதலில் கோபம்தான் வந்தது. கள்ளி, என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாயே. அப்புறம் அந்தச் சரிவு ஞாபகம் வந்தது. நான் விழாமலிருக்கத்தான் கையை எடுக்காதே என்றாய் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நீயும் என் கையைப் பிடிமானமாக வைத்துத்தான் இறங்கியிருக்கிறாய்.

என் முட்டி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் விழுவதில்லை. நாளைக்கு ஜெகதளா பஸ்ஸுக்கு இறங்க வேண்டும். உன் கம்பைத்தான் எடுத்துப்போவேன், இடது கையில். நொந்த காலைத்தான் முதலில் வைப்பேன். நான் கையை எடுக்கவில்லை புள்ள.