மூன்றாம் ஞாயிற்று ஓலை

டிசம்பர் 18, திங்கள்.
வாடைக்காற்று. சங்கரன்கோவில் முழுவதும் உறைந்து பனிக்கட்டியாகிவிடும் போல. அலுவலகத்துக்கு லீவு. காரணம்: தலைவலி. உண்மைக் காரணம்: வெட்கம்.

நேற்று கோயிலில் ரூபியின் கலியாண ஓலை வாசிப்பு; மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டியதில் இது இரண்டாவது. செத்துப்போன என் அக்காள் விட்டுப்போன ஒரே பிள்ளை. பதினாலு வருஷமாக நான் வளர்த்தவள். மாப்பிள்ளை சாமுவேல், சிவகிரிப் பள்ளிக்கூடத்தில் அவளோடு வாத்தியார். ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்துகொண்டு கடிதம் எழுதிக்கொண்ட காவியக் காதலர்கள். "இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர் உண்டோ?" என்று குருவானவர் வழக்கம்போல் கேட்டார். உலகம் தோன்றிய நாள் முதல் எவனும் வாய் திறக்காத இடம். நான் எழுந்து, "உண்டு ஐயா!" என்றேன். வேடிக்கைக்கு. ஒரு குருவிகூடச் சிரிக்கவில்லை. குருவானவர் பேனாவைத் திறந்து நோட்டில் எழுதிவிட்டார். ஓலை கேட்க வந்திருந்த சாமுவேலின் அப்பா விருட்டென்று வெளியேறினார்.

19, செவ்வாய்.
சிவகிரியிலிருந்து ஆள் வந்தது. தாய்மாமனே தடை சொன்னால் பெண்ணிடம் ஏதோ இருக்கிறது என்று ஊர்ப் பேச்சாம். கலியாணம் நிறுத்திவைப்பு.
ராத்திரி ரூபி சோறும் ரசமும் வைத்தாள்.
"ஏட்டி, வெளையாட்டுக்குச் சொன்னேம்லா."
"எல்லாரும் என்னப் பாக்குத பார்வையும் வெளையாட்டா மாமா?"

21, வியாழன்.
வாங்க வேண்டியவை: நட்சத்திரத்துக்குக் கலர் பேப்பர், பச்சரிசி, வெல்லம். எதுவும் வாங்கவில்லை.
நாகர்கோவிலில் ஹாஸ்டல் வேலைக்கு ரூபி எழுதிப் போட்டிருக்கிறாள். "கலியாணம் நின்னாலும் இங்கன இருக்க மாட்டேன்."
அவள் பள்ளிக்கூடம் போனபின் வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ஒத்திகை. பதினொரு மணிக்குள் பத்தாயிரம் வருஷம் ஓடிவிட்டது.
யாரும் படிக்கப் போவதில்லை, எழுதுகிறேன். அன்று வேடிக்கைக்கு எழவில்லை. இவள் போய்விட்டால் என் பொய்களைக் கேட்க ஆளில்லை.

22, வெள்ளி.
சிவகிரி பஸ். மகத்தான மன்னிப்புரை ஒன்று மனப்பாடம். சாமுவேலின் அப்பாவைக் கண்டதும் அத்தனையும் மறந்தது. உட்காரச் சொல்லவில்லை.
"வே, எங்க மருமகள கோயில்ல வச்சு கேவலப்படுத்திட்டு, எங்க வீட்டு வாசல்ல வந்து மன்னிப்பு கேக்கீரா? சபையில சொன்னதுக்கு சபையிலதான் பதில் சொல்லணும்."
மருமகள் என்றார்! கவனித்தேன்.
பஸ் ஸ்டாண்டு வரை சாமுவேல் கூட வந்தான். ஒரே கேள்வி: "அவ ஒழுங்கா சாப்பிடுதாளா மாமா?"

24, ஞாயிறு.
சிவகிரிக்காரர்கள் வந்து கடைசி பெஞ்சில். குருவானவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்தேன்.
"பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்ல ஐயா. இவ போனா எனக்கு ஆளில்ல. அந்தப் பயத்துல சொன்னேன்."
என் ஆயுளிலேயே சின்னப் பேச்சு. பின்னாலிருந்து சாமுவேலின் அப்பா குரல்: "ஓலைய வாசிங்கய்யா."
குருவானவர் நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு வாசித்தார். ரூபி திரும்பிப் பார்க்கவில்லை.

25, திங்கள். கிறிஸ்துமஸ்.
ரூபி கறிக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டே, என் முகம் பாராமல்: "மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீக. கலியாணத்துக்கப்புறம் ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க. வெள்ளிக்கிழமையே வந்து உக்காரக் கூடாது."
சனிக்கிழமை மத்தியானம் என்று பேரம் பேசியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.