பாலால் நீ சாகவில்லை, அக்கா

என் உயிர் நாகேஸ் அக்காவுக்கு,

ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரியிலிருந்து நேற்றுத்தான் அனலைதீவுக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு மகள் பிறந்திருக்கிறாள். உன் மகன் வாசல் படலையிலேயே காத்து நின்றான். "தங்கச்சியைக் காட்டுங்கோ" என்று சேலையைப் பிடித்து இழுத்தான். அவனுக்கு உன் கண்கள், உன் பிடிவாதம்.

நீ போன பிறகு அத்தானைக் கலியாணம் செய்தது உன் பிள்ளைக்காகத்தான். அது உனக்குத் தெரியும். அத்தான் குருநாகல் பட்டணத்தில் கடையோடு நிற்கிறார். வீட்டில் நானும் பிள்ளையும் அவருடைய அம்மாவும். உனக்கு வாய்த்த அதே மாமி எனக்கும் வாய்த்தார். இந்த ஐந்து வருடமாக அவரும் ஊரும் உன்னைப் பற்றி ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கு இந்தக் கிழமைதான் நான் வாய் திறந்து பதில் சொன்னேன்.

உன் முதற்பிள்ளை பிறந்தபோது நடந்ததை நான் மறக்கவில்லை. முலைக்காம்பு உள்ளே போயிருந்ததால் அந்தச் சின்னவள் வாய் வைக்க முடியாமல் அழுதாள். முதலில் வந்த மஞ்சள் பாலைக் கெட்ட பால் என்று நிலத்தில் பீச்சி ஊற்ற வைத்தார் மாமி. பிள்ளைக்குச் சீனித்தண்ணி, பிறகு பால்மாவில் கரைத்த மாப்பால். உன் மார்பு கல்லாக இறுகிக் காய்ச்சல் வந்தது. சில மாதங்களில் வயிற்றோட்டம் கண்டு பிள்ளை போய்விட்டாள். அம்மா இல்லாத எங்களுக்காக மாமியை எதிர்த்துப் பேச அன்று யாரும் இருக்கவில்லை.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது நீ பழைய நாகேஸ் இல்லை. கிளினிக் தாதி உன் மார்பைப் பார்த்துவிட்டு, கடைசி மாதத்தில் நாளும் கொஞ்சம் பாலைக் கையால் பீச்சிப் பழகு, காம்பும் வெளியே வரும், வழியும் திறக்கும் என்று சொன்னார். நீ குளித்துவிட்டு வந்து, சுடுதண்ணீரில் நனைத்த துணியை மார்பில் ஒற்றுவாய். கறுப்பு வட்டத்துக்குப் பின்னால் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து, நெஞ்சுப் பக்கமாக அமத்தி, மெல்ல ஒன்று சேர்ப்பாய். சில நாள் ஒன்றும் வராது. ஒரு நாள் ஒரு துளி வந்தது. "புவனம், ஓடி வந்து பாரடி! உருக்கின நெய் மாதிரி!" என்று கூப்பிட்டாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோசத்தை அதற்கு முதல் நான் பார்த்ததில்லை.

மாமி கண்டுவிட்டார்.

"பிள்ளை பிறக்க முன்னம் பாலைத் தொடுறியே! பிள்ளையின்ர பங்கை அழிக்கிறாய். உனக்கு என்ன விசரோ?"

"போன முறை நிலத்தில ஊத்தினது ஆரின்ர பங்கு மாமி?" என்று நீ கேட்டாய்.

அடுத்த நாள் கிணற்றடியில் பெண்கள் குசுகுசுத்தபோது, நீ வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாய். "ஓம், பீச்சுறனான்தான். என்ர மார்பு, என்ர பிள்ளை. ஆருக்கு என்ன நட்டம்?" நான் உன் பின்னால் வெட்கத்தில் குனிந்து நின்றேன்.

காற்றும் மழையுமான அந்தக் கார்த்திகையில் வள்ளத்தில் உன்னைக் கொண்டுபோனோம். ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துதான் மகன் பிறந்தான். ஆனால் இரத்தம் நிற்கவில்லை. மருத்துவரும் தாதிமாரும் ஓடித் திரிந்தார்கள். வெள்ளையாகிப்போன முகத்தோடு நீ என்னைக் கூப்பிட்டு, "கரண்டியைப் பிடியடி" என்றாய். தலையைத் தூக்க உனக்குப் பலமில்லை. விரல்கள் மட்டும் தம் வேலையைச் செய்தன. கரண்டியில் வந்ததை நான் பிள்ளையின் வாயில் விட்டேன். அவன் சப்புக்கொட்டி விழுங்கினான். அதைப் பார்த்துச் சிரித்தாய். மதியம் தாண்டவில்லை, நீ போய்விட்டாய்.

நஞ்சுக்கொடி முழுவதும் வெளியே வராததால்தான் இரத்தம் போனது என்று மருத்துவர் அத்தானிடமும் மாமியிடமும் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். ஆனால் செத்தவீட்டில் மாமி நெஞ்சில் அடித்து அழுதபடி என்ன சொன்னார் தெரியுமா? "பாலைப் பீச்சினாள், தன்ர உயிரையும் சேத்துப் பீச்சிப்போட்டாள்!" ஊருக்கு மருத்துவரின் சொல் தேவைப்படவில்லை. இது போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு கர்ப்பிணிகளுக்கெல்லாம் உன் பெயரைச் சொல்லித்தான் பயம் காட்டினார்கள்.

இப்போது எனக்கும் கடைசி மாதம் வந்தது. எனக்கும் காம்பு உன்னைப் போலவேதான். அதே கிளினிக்கில் அதையே சொன்னார்கள். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, முதல் நாள் கை வைத்துவிட்டுச் சேலையை இழுத்து மூடிக்கொண்டேன். ஒருவேளை மாமி சொன்னது சரியோ என்று ஒரு கணம் நினைத்தேன். உனக்கு அப்படிப் பயம் வந்ததில்லையா? வந்தும் காட்டாமல் இருந்தாயா?

மாமி அத்தானிடம் முறையிட்டார். லீவில் வந்து நின்ற அவர், "அம்மாவோட சண்டைக்குப் போய்க் கொழுவாதை" என்றார். "கொழுவேல்லை அத்தான். ஒளிக்கவும் மாட்டன்," என்றேன். அறைக் கதவைச் சாத்தவும் இல்லை.

ஆசுப்பத்திரியில் மகள் பிறந்ததும் நித்திரைக் கள்ளியாக இருந்தாள். காம்பை வாயில் வைத்தாலும் இழுக்கவில்லை. மாமி போத்தலில் சீனித்தண்ணியோடு வந்து சேர்ந்தார்.

"பிள்ளை பசியில கிடக்குது. அந்தப் பால் நஞ்சு. பீச்சி ஊத்திப்போட்டு இதைக் குடு."

"வேண்டாம் மாமி. என்ர பிள்ளையின்ர வாயில அது போகாது."

"உன்ர கொக்காவும் இப்பிடித்தான் வாய் காட்டினவள். பாலைப் பீச்சி எங்க போனவள் எண்டு தெரியாதே?"

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அன்று கிணற்றடியில் குனிந்து நின்றவள் நான்தானா என்று எனக்கே தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்தேன்.

"அக்கா இரத்தம் போய்ச் செத்தவ. நஞ்சுக்கொடி உள்ளுக்க நிண்டது. டொக்டர் சொன்னது உங்கட காதிலயும் விழுந்தது. பாலால அவ சாகேல்லை மாமி. சாகிற நேரத்திலயும் உங்கட பேரனுக்குப் பால் குடுத்திட்டுத்தான் போனவ. இனி ஒருக்கால் அவவின்ர பேரை இப்பிடி எடுக்கக் கூடாது!"

எல்லோரும் பார்க்க, சேலையை விலக்கிக் கரண்டியில் பீச்சினேன். மஞ்சளாக, கெட்டியாக வந்தது. மகள் கண்ணைத் திறக்காமலே நக்கி நக்கிக் குடித்தாள். பின்னேரம் தானாகவே மார்பைப் பிடித்து இழுத்தாள். மாமி போத்தலைத் தூக்கிக்கொண்டு வெளி விறாந்தையில் போய் இருந்தார். இன்றுவரை என்னோடு கதைக்கவில்லை. கதைக்காவிட்டால் போகட்டும்.

அன்று மாலையே பக்கத்துக் கட்டிலில் இருந்த நெடுந்தீவுப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "எனக்கும் ஒருக்கால் காட்டுமன். எப்பிடி அமத்திறது?" அவளுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. காட்டிக் கொடுத்தேன். என் அக்காவிடம் கண்டு பழகியது என்று சொல்லித்தான் காட்டினேன். உன் முழுப்பெயரையும் சொன்னேன்.

வருகிற தை மாதம் உன் மகன் பள்ளிக்கூடம் போகிறான். அங்கே யாராவது அந்தக் கதையை அவன் காதில் போடுவார்கள். அதற்கு முன்னர் நானே அவனை மடியில் இருத்திச் சொல்வேன், நீ எப்படிப் போனாய், போகும்போது அவனுக்கு என்ன கொடுத்தாய் என்று. யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து சொல்லப் பழக்குவேன். இந்தத் தீவில் எவர் வாயிலும் உன் பெயர் இனிப் பயம் காட்டும் பெயராக இருக்க விடமாட்டேன். இது உன் பிள்ளை மேல் சத்தியம்.

உன் மகனுக்கு அம்மாவாகவும்
உனக்கு என்றைக்கும் தங்கச்சியாகவும் இருக்கும்
புவனம்