வெள்ளைக் கோனும் கொய்யாப்பழமும்

ராயபுரம், திருப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

கண்ணு வேல்விழிக்கு அம்மா எழுதறது. இங்க நானும் உங்கப்பாவும் சுகமா இருக்கறோம், டப்ளின் குளுர்ல நீயும் மாப்பிள்ளையும் உடம்பப் பாத்துக்கிட்டு நல்லா இருக்கோணும்.

போன்ல சொன்னா நீ பதறுவேன்னுதான் நிதானமா எழுதறேன். எனக்கு இடது கண்ணுலயும் புரை ஆபரேசன் முடிஞ்சுது, நல்லபடியா இருக்கறேன். வலது கண்ணுக்குப் பண்ணுனப்ப ஒரு வாரம் தண்ணியா ஊத்துனதுல பயந்துபோயி இன்னொன்னத் தள்ளிப் போட்டுட்டே இருந்தது உனக்கே தெரியும், உங்கப்பாவும் ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டுக் கூப்புட்டு ஓஞ்சுட்டாரு. இதுக்கு நடுவுல நம்ம மாடியில குடியிருக்கற கவிப்பிரியா, பசங்களுக்கு டிராயிங் சொல்லித்தர்ற புள்ள, சும்மா உக்காந்திருக்கறதுக்கு நீங்களும் வாங்கம்மான்னா, போனேன். மேசை மேல பனியன் கம்பெனிக்கு நூல் சுத்தி வர்ற வெள்ளைக் கோன் ஒன்னு, பக்கத்துல கொய்யாப்பழம், சன்னல் வெளிச்சம் ஒரு பக்கமா விழும், அதை அப்படியே பென்சில்ல கொண்டு வரோணும். வெறும் கோடு போட்டா தட்டையாத்தான் இருக்கும், லேசாத் தேச்சுத் தேச்சு இருட்டைக் கூட்டுனாத்தான் உருண்டு வரும், வெளிச்சம் படற எடத்துல பென்சிலே படக்கூடாது, தாளோட வெள்ளையே போதும்னு சொன்னா. மொதல் படத்தைப் பாத்துட்டு உங்கப்பா, உருளைக்கெழங்கு நல்லா வந்திருக்குதுன்னாரு.

அளவு பாக்கறதுக்கு ஒரு கண்ண மூடிட்டு பென்சில நீட்டிப் புடிக்கோணும், நான் எப்பவும் இடதைத்தான் மூடுவேன், அன்னிக்கு என்னமோ வலதை மூடிட்டேன். வெள்ளைக் கோன் பழைய நெய் நெறத்துல தெரியுது, அதும் மேல இருந்த நெழலையே காணோம், கொய்யா எங்க முடியுது மேசை எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. மாத்தி மாத்தி மூடிப் பாத்தேன், வலது கண்ணுக்கு எல்லாம் பளிச்சுன்னு இருக்குது கண்ணு. ஏனுங்கம்மா என்னாச்சுன்னு கவிப்பிரியா கேக்கக் கேக்கக் கீழ எறங்கி வந்து, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு உங்கப்பாகிட்டச் சொன்னேன். அவரு ஏன் எதுக்குன்னு கேக்கல, முதலிபாளையம் கம்பெனிக்குப் போனைப் போட்டு நாளைக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டாரு. நல்லா முத்திருச்சு, இன்னும் விட்டிருந்தா சிரமம்னு டாக்டரம்மா சொன்னாங்க.

இப்பக் கட்டுப் பிரிச்சு, சொட்டு மருந்து உட்டுக்கிட்டு இருக்கறேன். பென்சில் எடுக்கலாம்னு டாக்டரம்மா சொன்னப்புறம் நேத்து வரைஞ்சதைத்தான் இத்தோட வெச்சிருக்கறேன். கோனோட இருட்டுப் பக்கத்துல, ஓரமா, லேசா ஒரு வெளிச்சம் தெரியுது பாரு, அது மேசைத் துணியில பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சம். கவிப்பிரியா சொல்லி அதை நான் போடல, நானாப் பாத்துப் போட்டேன்.

சிவன்மலை முருகன் உங்க ரெண்டு பேரையும் கூடவே இருந்து காப்பாத்தட்டும். நீயும் நாளெல்லாம் கம்ப்யூட்டரையே பாக்கறவ, ஒருக்கா கண்ணக் காமிச்சுட்டு வா, தள்ளிப் போடாத. படத்தைப் பாத்துப் பிரி, கரி கையில ஒட்டும்.

உன் அம்மா
அன்புசெல்வி