ஆறாவது லேனின் தடுப்புக் கம்பு

8.9.97, திங்கள்

கடல் தாண்டி வரும் காட்டுத்தீப் புகை. காலை ஏழுக்கும் ஹெட்லைட். தொண்டையில் கரி ருசி. கார் கிளட்ச் வழுக்குகிறது, நாளை ஜாசின் வொர்க்‌ஷாப்.

நான் வேலை பார்க்கும் டோலில், நிற்காமல் போக டேக் லேன் திறந்து இரண்டாவது வாரம். லேன் 6. வண்டிக் கண்ணாடியில் ஒட்டிய டேக் பெட்டியை ஆன்டெனா படித்ததும் கம்பு தானே மேலே போக வேண்டும். இன்று ஏழு வண்டிக்குப் போகவில்லை. ஏழும் கிலாங்குக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, ஆள் ஏற்றும் வேன்கள். சேகர் ஏணியும் கையுமாக அலைகிறான்.

சேகர் கமலாவின் தம்பி. என் மச்சினன். 26 வயது, பாலிடெக்னிக் படிப்பு, டேக் லேனுக்கு ஒப்பந்த டெக்னிஷியன். ஏப்ரலில் டேக் பயிற்சிக்கு விண்ணப்பித்தது நான். தலைநகர் கே.எல்.லுக்குப் போனது அவன். "அங்கிள், இது சின்னப் பசங்க வேலைலா," என்றார் மானேஜர். அவருக்கு நான் அங்கிள். எனக்கு 47. நியாலாஸ் தோட்டத்தில் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறிய ஒரே ஆள் நான். டோல் திறந்த நாளிலிருந்து சூப்பர்வைசர். அதற்கு மேல் ஒரு படி இல்லை.

சர்க்குலர் வந்தது. கொஞ்ச வருஷத்தில் எல்லா லேனும் டேக்காம். கவுன்டர் லெட்சுமி படித்துவிட்டு: "அப்ப நாங்கள்லாம் வீட்டுக்கா அண்ணே? கம்புக்கு யூனிபோர்ம் தச்சுப் போடுங்க."

9.9, செவ்வாய்

கார் ஜாசினில். திரும்பும்போது மெர்லிமாவ் நடராஜன் ஏற்றிக்கொண்டான். அவனும் அந்தக் கிலாங் வேன்களில் ஒன்று ஓட்டுபவன். முன்சீட்.

லேன் 6. கம்பு அசையவில்லை. பின்னால் ஹாரன்.

கண்ணாடியின் மேல்பக்கம் கறுப்புத் தாள், வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. உள்ளே உட்கார்ந்தால்தான் தெரிகிறது. கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்குச் செப்புத் தகடு, வேல் பொறித்தது, குங்குமம். அதன் முதுகில், எங்கள் பக்கம், டேக்.

"முதலாளி எல்லா வேனுக்கும் பூசை போட்டாருண்ணே. டேக்க சாமியோட சேத்து ஒட்டச் சொன்னாரு, சாமி பாத்துக்கும்னு."

டேக்கைப் பிய்த்து வெறும் கண்ணாடியில் காட்டினேன். கம்பு மேலே.

உலோகத்தைத் தாண்டி ரேடியோ அலை போகாது. பள்ளியில் மூன்றாம் படிவத்துப் பாடம்.

"தகட்டை எடுத்துவிடு," என்றேன்.

"ஐயோ, நாப்பத்தெட்டு நாள் அசைக்கக் கூடாது. கையில காட்டினா வேல செய்யுதுல்ல? கோளாறு உங்க மெஷின்லதாண்ணே. சாமிகிட்ட இல்ல." மறுபடி அங்கேயே ஒட்டிவிட்டான்.

டோல் ஆபீஸ் வாசலில் சேகர் நின்றிருந்தான். சொல்லவில்லை.

10.9, புதன்

வாங்க: முகமூடி 5, தைலம், கமலாவுக்கு இருமல் மருந்து.

வெள்ளிக்கிழமை சேகருக்கு வேலை நிரந்தரக் கடிதம். லேன் சரியாகாவிட்டால் ஒப்பந்தம் அதோடு முடிகிறது. அவன் கல்யாணப் பேச்சும் நின்றுவிடும். இரவுச் சாப்பாட்டில் கமலா:

"நீங்கதான் ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்."

"படித்தவன் அவன். கே.எல்.லில் மூன்று வாரம் படித்தவன்."

"அவன் உங்க பயிற்சியத் திருடல. யாரு அனுப்பினாங்களோ அவங்ககிட்ட கோவப்படுங்க." தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்பதுக்கு அவனே வந்தான். கண் சிவந்து. புகையா, அழுதானா?

"மச்சான், ஏதாச்சும் தோணுதா? தெரிஞ்சா சொல்லுங்க மச்சான். எனக்கு மூள ஓடல."

கேட்டுவிட்டான். நேராக. நான் சொன்னது: "ஆன்டெனா உயரமாக இருக்கும். இறக்கிப் பார்."

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியும் ஏன்.

11.9, வியாழன்

6.40. பத்து வண்டிக்கு அப்பால் தெரியவில்லை. சேகர் வாக்கி-டாக்கியில்: "மச்சான், லேன் ஆற அரைமணி நேரம் மூடுங்க. ஏறப்போறேன்."

"நெரிசல். ஒன்பதுக்கு மேல்."

நாளை வெள்ளி. அவன் காத்திருக்கவில்லை. ஏணி லேன் ஓரம்.

7.05. கிலாங் வேன் ஒன்று. கம்பு திறக்கவில்லை, பிரேக். பின்னால் வந்த கார் புகைக்குள்ளிருந்து நேராக வந்து இடித்தது. வேன் முன்னால் தாவி அவன் ஏறி நின்ற ஏணியைச் சாய்த்தது.

சத்தம் பெரிதாக இல்லை. லெட்சுமி கத்தியதுதான் கேட்டது. ஓடினேன். சேகருக்கு வலது மணிக்கட்டு முறிந்து எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு. "எறக்கிட்டேன் மச்சான், ரெண்டு இன்ச்சு எறக்கிட்டேன்," என்கிறான்.

வேனில் பதினோரு பெண்கள். ஒருத்திக்கு நெற்றியில் தையல். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

ஆம்புலன்சில் நான் ஏறவில்லை. டியூட்டி என்றேன்.

12.9, வெள்ளி

கடிதம் வரவில்லை. மானேஜர்: "அங்கிள், ரிப்போட் நீங்க எழுதுங்க. டெக்னிஷியன் கவனக்குறைவுன்னா கொன்ட்ரக் முடிஞ்சது. வேற காரணம்னா எழுதுங்க. நாளைக்குப் பத்து மணி." போகும்போது தோளைத் தட்டி: "லேன் ஆறு இனி உங்ககிட்டதான் வரும்போல."

ஐந்து மாதம் காத்திருந்த வார்த்தை.

மாலை ஆஸ்பத்திரி. எனக்கு முன்பே நடராஜன் அங்கே, ஆரஞ்சுப் பையோடு. பேசிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக: "இதோ, அண்ணனையே கேளுங்க! செவ்வாக்கெழமையே டேக்கப் பிச்சு கையில காட்டினாரு, கம்பு ஜம்முன்னு தெறந்துச்சு. தகட்ட எடுன்னாரு, நாந்தான் கேக்கல."

சேகர் என்னைப் பார்த்தான். மாவுக்கட்டு முழங்கை வரை. ஏசுவான் என்று நின்றேன். ஏசியிருக்கலாம்.

கமலா ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். "என்னடா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. கோளாறு எதுன்னு மச்சான் கண்டுபிடிச்சிட்டாரு."

"நெசமாவா?" என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிறது. எனக்கு முதலில் காப்பி ஊற்றினாள். குடித்தேன்.

வீடு. ரிப்போர்ட் ஃபாரம் மேசையில். "காரணம்" என்ற கட்டத்தில் முதலில் எழுதியது புகைமூட்டம். கோடு போட்டு அடித்தேன். பிறகு செப்புத் தகடு, விபத்துக்குப் பின் தெரியவந்தது. அதையும் அடித்தேன்.

மூன்றாவது: செவ்வாய் மாலையே எனக்குத் தெரியும், கேட்டவனுக்குத் தவறாகச் சொன்னேன்.

கமலா விளக்கை அணைக்கச் சொல்கிறாள். இன்னும் அடிக்கவில்லை.