இரண்டு ஆள் தடம்

அக்டோபர் 9

ஆற்றில் பனிக்கட்டி மிதக்க ஆரம்பித்துவிட்டது. இனி இந்த வேட்டைக் குடிசைக்குப் படகு வராது. ஆறு முழுதாக உறையும்வரை பனிவண்டியும் வராது. நேற்று அண்ணன் புரோகோப்பி விறகு பிளக்கும்போது களைப்பாக இருக்கிறது என்று மரக்கட்டையில் உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. தேநீர்க் குவளையை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

கம்பளியில் சுற்றி, இறைச்சி வைக்கும் பரணில் ஏற்றிவிட்டேன். உயரமான நான்கு கால் மேல் நிற்கிற பரண். வேறு எங்கே வைப்பது?

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்து சொல்லித் தந்தது அவன்தான், இதே கதவில் கரித்துண்டால். நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போது பின்பக்கத்தில் எதையாவது எழுதிப் பழகு என்பான். எழுதுகிறேன்.

அக்டோபர் 10

ரேடியோவில் ஊரிலிருந்து அண்ணன் மகன் கவ்ரில் கிடைத்தான். அழுதான். இங்கேயே புதைத்துவிடட்டுமா என்று கேட்டேன். அண்ணி மத்ரியோனா அவனிடமிருந்து ரேடியோவைப் பிடுங்கிப் பேசினாள்.

"அஃபனாசி, இத்தன வருசமா அந்த ஆள காட்டோட பங்கு போட்டுத்தான் வச்சிருந்தேன். இப்பவாவது முழுசா எங்கிட்ட அனுப்பு."

முழுசாக. எங்கள் ஆட்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். காட்டுப் பெரியவர் வாய்வைத்த உடம்பு காட்டுக்குச் சொந்தம். அதை ஊருக்குள் விடமாட்டார்கள்.

அக்டோபர் 13

வந்துவிட்டார்.

பரண் காலில் நகக் கீறல், என் தலைக்கு மேலே. கழிவில் வெறும் புல்லும் மண்ணும். இந்த வருடம் பைன்கொட்டை காய்க்கவில்லை. கொழுப்பு ஏறாதவர் குளிர்காலத் தூக்கத்துக்குப் போகமாட்டார்.

ரேடியோவில் சொன்னேன். "கரடியா சித்தப்பா?" என்றான் கவ்ரில்.

"வாய மூடுடா. பெரியவர்னு சொல்லு. கேட்டுட்டிருப்பாரு."

துப்பாக்கி இருக்கிறது, கண்தான் இல்லை. கைக்கெட்டும் தூரம் தெளிவு, அதற்கு அப்பால் எல்லாம் புகை. குண்டுபட்டும் சாகாத பெரியவர் பசித்தவரைவிடப் பொல்லாதவர்.

அக்டோபர் 14

நாய் செர்கோ கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வர மறுக்கிறது.

காட்டைப் பார்த்து மரியாதையாகச் சொல்லிப் பார்த்தேன். "பெரியவரே, மேல இருக்கறது எங்கண்ணன். உங்க பங்கு இல்ல. ஆத்தோரம் செத்த மீன் கெடக்கு, போய்ச் சாப்பிடுங்க."

மரங்களுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

எனக்கு எதுவும் மறக்காது. சின்ன வயதில், பனி சீக்கிரம் விழுந்த ஒரு வருடம், வேட்டைக் கூட்டாளி காய்ச்சலில் கிடந்தபோது அப்பா இரண்டு ஆளாக நடந்ததைப் பார்த்திருக்கிறேன். தனி ஆளைப் பெரியவர் எண்ணி வைத்துக்கொள்வார் என்றார் அப்பா. இரண்டு ஆள் என்றால் யோசிப்பார்.

மேலே ஏறினேன். அண்ணன் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றினேன். செத்தவன் பூட்ஸின் அடியை அன்றைக்கே அறுத்துவிட வேண்டும், அவன் நடந்து திரும்பாமல் இருக்க. நான் அறுக்கவில்லை. எனக்கு அது வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 17

காலையில் என் பூட்ஸில் குடிசையைச் சுற்றி வருகிறேன். பிறகு அவனுடையதில். மரம் விழுந்து நசுங்கியதிலிருந்து அவன் இடது கால் இழுக்கும், நானும் இழுக்கிறேன். இரண்டு கோடாரியாலும் வெட்டுகிறேன். உரக்கப் பேசுகிறேன், இரண்டு குரலில். அவனுடையது மார்புக்குள்ளிருந்து வரும் குரல், நடுவே இருமல்.

"இது தேநீரா, பூட்ஸ் கழுவின தண்ணியாடா?"

"வேணும்னா குடி. இல்லன்னா நீயே போட்டுக்க."

நாற்பது வருடமாக நடந்த சண்டை. சுலபமாக வருகிறது.

அக்டோபர் 22

தடம் தள்ளிப் போயிருக்கிறது. யோசிக்கிறார்.

அக்டோபர் 29

என்னவென்று எழுதுவது?

காலையில் பெரியவரின் தடம் பரண்வரை வந்திருந்தது. பரண் காலுக்குச் சற்று முன்னால் நின்று, திரும்பிப் போயிருக்கிறது. பரணுக்கும் அவருக்கும் நடுவில் பூட்ஸ் தடம். இடது கால் இழுத்த தடம். நேற்று மாலை நான் நடந்த பிறகு புதுப் பனி விழுந்தது. இது அதற்கு மேல் இருந்தது.

உள்ளே வந்து பார்த்தேன். அண்ணன் பூட்ஸ் அடுப்புக்கு மேலேதான் தொங்குகிறது. ஈரமாக.

நான்தான் தூக்கத்தில் எழுந்து நடந்தேனா? நானாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு எதுவும் மறக்காதே — அப்பா எந்த வருடம் எந்தக் கையால் துடுப்புப் போட்டார் என்று கேள், சொல்கிறேன். இது மட்டும் எப்படிடா மறக்கும்?

செர்கோ கட்டிலடியிலிருந்து வந்து கதவைப் பார்த்து வாலாட்டுகிறது.

நவம்பர் 1

இன்று அவன் குரலில் பேசவில்லை. பயமாக இருந்தது. நான் தொடங்கினால் அவன் முடித்துவிடுவானோ என்று.

நவம்பர் 8

ஆறு உறைந்துவிட்டது. கவ்ரில் பனிவண்டியில் வந்தான். பரணில் ஏறி, கம்பளியை விலக்கி, கை, கால், முகம் எல்லாம் தொட்டுப் பார்த்தான். "முழுசா இருக்காரு சித்தப்பா" என்றான். பூட்ஸை நானே அண்ணனுக்கு மாட்டிவிட்டேன்.

நவம்பர் 11

அடக்கம் முடிந்தது. குழிக்குள் இறக்கும் முன் அண்ணி கத்தியை எடுத்துக்கொண்டு காலருகே உட்கார்ந்தாள். இரண்டு பூட்ஸின் அடியிலும், குறுக்கே, விரல் தடிமனுக்கு ரப்பரை அறுத்து எடுத்தாள்.

"இத நீ அப்பவே செஞ்சிருக்கணும்" என்றாள்.

ஊரிலேயே இருந்துவிடு என்றாள். மிருகத் தோல் நன்றாக இருக்கும் காலம் இது, பொறிகள் அப்படியே கிடக்கின்றன என்றேன்.

"இனி நீ ஒத்த ஆளு. பெரியவருக்குத் தெரிஞ்சிடும்."

தெரியட்டும் என்றேன். வாய்தான் சொன்னது.

நவம்பர் 19

குடிசை. பழையபடி கதவுக்கு முட்டுக் கொடுத்துத் தூங்குகிறேன். வந்ததிலிருந்து ஒரு குரலில்தான் பேசுகிறேன், ஒரு கோடாரியால்தான் வெட்டுகிறேன். அவனை இனிமேல் இழுக்கக் கூடாது.

ராத்திரி மெல்லிசாகப் பனி. செர்கோ குரைக்கவில்லை. விடிந்ததும் முட்டுக்கட்டையை எடுத்துவிட்டு, கதவைத் திறந்து மரங்கள்வரை நடந்து பார்த்தேன். பெரியவரின் தடம் மரங்களை விட்டு வெளியே வந்து, கதவை நோக்கி நேராக வந்திருக்கிறது, ஒத்த ஆளின் வீட்டுக்கு வருகிற மாதிரி. பாதி வழியில் நின்று, திரும்பி, ஓடியிருக்கிறது.

அங்கிருந்து கதவுவரை பூட்ஸ் தடம், குறுக்கும் நெடுக்குமாக. இடது கால் இழுத்திருக்கிறது. என் பூட்ஸ் உள்ளே காய்ந்து கிடந்தது.

கைக்கெட்டும் தூரம்தான் எனக்குத் தெளிவு. மண்டிபோட்டுக் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு தடத்தின் குறுக்கேயும் விரல் தடிமனுக்கு மிதிபடாத பனி, வரப்பு மாதிரி.

உள்ளே வந்து தேநீர் போட்டேன். கொஞ்சம் கெட்டியாக.