பூவம்மா கேட்ட கேள்வி

அன்பு மகள் ஜானட்டுக்கு, ராயபுரத்திலிருந்து அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நார்வே குளிரில் நீ தொப்பி போடாமல் நிற்கிற படத்தை அம்மா பார்த்துவிட்டாள், அதற்கான திட்டு தனியாக வரும். இனி சொல்லப்போகிற விஷயத்தைப் போனில் சொன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்துவாள், அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

மார்ச் எட்டாம் தேதி பெண்கள் தினத்துக்கு மாதா கோயில் மன்றத்தில் கூட்டம் வைத்தார்கள். சரித்திரத்தில் பேர் வாங்கிய பெண்களைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிஷம். சுவரில் மேரி கியூரி, முத்துலட்சுமி ரெட்டி, வேலு நாச்சியார் படங்கள். அம்மாவுக்கு வேலு நாச்சியார். பத்து நாளாக வீட்டில் ராணி தர்பார்தான், காபி கேட்டால்கூட ஒரு முறைப்பு. ஆனால் மைக் முன்னால் போனவள் இரண்டு வரி வாசித்துவிட்டுத் தாளை மடித்துக்கொண்டாள். "ராணிய பத்தி எல்லாருக்கும் தெரியும், நான் வேற ஒருத்தர பத்தி சொல்லணும்" என்றாள். மன்றச் செயலாளர் சைமன் எழுந்து, "சில்வியாக்கா, சரித்திரத்துல கீறவங்கள பத்திதான் பேசணும்" என்றார். "ஒக்காரு சைமன், இதுவும் சரித்திரந்தான்" என்றாள். முப்பது வருஷமாக நான் உட்காருகிற மாதிரியே அவரும் உட்கார்ந்துவிட்டார்.

அவள் சொன்னது, நாம் எண்ணூரில் இருந்தபோது பக்கத்து ஆலையில் வாயு கசிந்த கதை. அப்போது உனக்கு எட்டு மாதம். கண்ணெரிச்சலில் தெருவே ஓடிய அந்தக் காலையில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன் என்று எத்தனை முறை அளந்திருப்பேன், நீ பள்ளிக்கூடத்தில் அதைக் கட்டுரையாகவே எழுதினாய். என் மானத்துக்காக அம்மா இத்தனை நாள் வாயை மூடியிருந்தாள். நான் தூக்கிக்கொண்டு ஓடியது புது டி.வி.யை. பிள்ளை அவளிடம் என்று நான் நினைத்தேன், குழாயடிக்குப் போயிருந்த அவள் என்னிடம் என்று நினைத்தாள். நீ தூளியில் கிடந்தாய். மீன் விற்க வந்த பூவம்மா கூடையைப் போட்டுவிட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டே வந்தவள், உன் அழுகையைக் கேட்டு உள்ளே போய் ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தாள். அதற்கப்புறம் மூன்று மாதம் இருமினாள், இன்றைக்கும் நாலு படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது.

மன்றமே என்னைத் திரும்பிப் பார்த்தது. பூவம்மாவும் கடைசி வரிசையில்தான் இருந்தாள், அம்மா கையோடு கூட்டி வந்திருந்தாள். கூட்டம் முடிந்ததும் பூவம்மா முன்னால் போய்க் கைகூப்பி நின்றேன். "நீ டி.வி.ய தூக்கினு ஓடனத அன்னிக்கே பாத்தேன் நைனா, வெளிய சொன்னா நல்லாவா இருக்கும்னு வுட்டுட்டேன்" என்றாள். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இத்தினி வருசமா கேக்கணும்னு நெனச்சேன், பயமா இருந்துச்சி. அவ்ளோ பொகைய குட்ச்ச கொயந்த, அதுக்கு நெஞ்சு நல்லா கீதா?" என்றாள். நன்றாக இருக்கிறாள், போன வருஷம் மலையெல்லாம் ஏறினாள் என்றேன். "அப்ப சரி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மறக்காமல் பேசு, காது கொஞ்சம் மந்தம், உரக்கப் பேசு. ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோல் காப்பாராக.

உன் அப்பா,
அருள்நாதன்